பின்னால் வரும் கால்

எங்கள் முற்றம் வெறும் மணல். விடியக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டால் கோழி நடந்த தடம்கூட அதில் பதியும். 2020 ஆவணியில் ஒரு காலை, என் கால்தடங்களுக்கு நடுவே நீளமாக ஒரு கோடு கிடந்தது. பாம்பு போயிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். வளவுக்குள் புடையன் திரிகிற காலம் அது. குனிந்து பார்த்த பிறகுதான் விளங்கியது, அது என் வலது காலின் பெருவிரல் இழுபட்ட கோடு. முழங்கால் நோவுக்காகத் தாய் சி என்கிற மெதுவான சீனக் கலையின் காலடியை அரை மணித்தியாலமாக முன்னும் பின்னும் நடந்து பழகியிருக்கிறேன். பின்னால் வரவேண்டிய கால் வரவில்லை, இழுபட்டிருக்கிறது.

அந்தக் கோட்டை அழிக்கத்தான் இன்றுவரை பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. முல்லைத்தீவுப் பக்கம், முள்ளியவளையில் இருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சைக்கிள் உழக்கிப் பள்ளிக்கூடம் போய், கரும்பலகைக்கு முன்னால் நாள் முழுக்க நின்ற கால்கள். ஐம்பதை நெருங்கும்போது வலது முழங்கால் சத்தம் போடத் தொடங்கியது. 2018 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து வெளிக்கிட்டு, பாதி வழியில் தெரிந்த ஒருவரின் ஓட்டோவில் ஏறிப் போய், கோயில் மணலில் நிற்க முடியாமல் பொங்கல் பானை வைக்க முதலே திரும்பி வந்தேன். சின்ன வயதில் இருந்து ஒரு வருடமும் தவறவிடாத பொங்கல் அது.

எக்ஸ்றேயைப் பார்த்த டொக்டர், “தேய்வு தொடங்கியிருக்கு. தொடைத் தசையைப் பலப்படுத்துங்கோ. நோகுதெண்டு இருந்திட்டால் இன்னும் மோசமாகும்” என்றார். ஒரு காகிதத்தில் மூன்று பயிற்சிகளைக் கீறியும் தந்தார். ஒரு கிழமை ஒழுங்காகச் செய்தேன். பிறகு அந்தக் காகிதம் கோடாலித் தைலப் போத்தலுக்கு விரிப்பாகப் போய்விட்டது. பயிற்சியில் பிழை இல்லை. கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்குவதை நாற்பது தரம் எண்ணிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

2019 மார்கழி விடுமுறைக்கு இவரின் அக்கா சிட்னியில் இருந்து வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதே முழங்கால் வருத்தக்காரி. வந்த மறுநாள் விடியற்காலை, வேப்பமரத்தடியில் கையை விரிப்பதும் சேர்ப்பதுமாக மெல்ல மெல்ல அசைந்துகொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பால் கறந்துகொண்டிருந்தவர் செம்பை வைத்துவிட்டுப் பார்த்தார்.

“மச்சாள், இதென்ன, கராத்தேயோ?”

“தாய் சி. இது சுன் எண்டொரு பாணி. முழங்காலுக்கு நல்லதெண்டு அங்க டொக்டர் அனுப்பினவர். நீரும் வாருமன்.”

அன்று நான் போகவில்லை. இப்படி வெளியில் நின்று செய்கிறாவே, ஆராவது பார்த்தால் என்ன நினைப்பினம் என்றுதான் யோசித்தேன். நாலாம் நாள் போனேன்.

தாய் சி என்றால் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த ஊரில் இருந்து வெளியே வந்து, யாங், வூ, ஹாவோ, சுன் என்று குடும்பப் பெயர்களோடு கிளை பிரிந்த கலை அது. பூங்காக்களில் கூட்டமாக ஆட்கள் செய்கிற படங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது யாங் பாணியை. 1956இல் சீனாவில் எல்லோருக்கும் பொதுவாகச் சுருக்கிக் கொடுத்த 24 அசைவுகளும் அதிலிருந்து வந்தவைதான். ஐந்து பெரிய பாணிகளில் கடைசியாகப் பிறந்தது சுன். பழகுகிறவர்களும் மற்றவற்றைவிடக் குறைவு.

அதை உருவாக்கிய சுன் லுதாங்கின் கதை எனக்குப் பிடித்தது. 1860இல் பிறந்தவர். சிங்யி, பாகுவா என்ற வேறு இரண்டு சண்டைக் கலைகளில் அவர் ஏற்கெனவே பேர்போன ஆள். ஐம்பது வயதளவில், பெய்ஜிங்கில் நோயாகக் கிடந்த ஹாவோ வெய்ஜென் என்ற தாய் சி ஆசானைக் கவனித்துப் பார்த்தார். குணமானவர் நன்றிக்குத் தன் கலையைச் சொல்லிக் கொடுத்தார். பெரிய வித்துவான் ஐம்பது வயதில் மறுபடியும் முதலாம் வகுப்பில் போய் இருந்திருக்கிறார். தெரிந்த மூன்றையும் சேர்த்து அவர் செய்த பாணியைப் பற்றிய புத்தகம் 1921இல் வெளிவந்தது. சிங்யியில் இருந்தும் பாகுவாவில் இருந்தும் வந்த சுறுசுறுப்பான காலடி, உயரமான நிலை, ஒவ்வொரு திருப்பத்திலும் கையை விரித்துச் சேர்க்கிற ஓர் அசைவு, இவைதான் அதன் அடையாளம்.

உயரமான நிலை என்றது முழங்காலை ஆழமாக மடக்காமல் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பது. அதனால்தான் அவுஸ்திரேலியாவில் போல் லாம் என்ற குடும்ப மருத்துவர் 1997இல் மூட்டுவாதக்காரருக்கென்று ஒரு தொகுப்பைச் செய்தபோது சுன் பாணியை எடுத்தார். அவரும் மூட்டுவாதத்தோடு வாழ்ந்தவர். அடிப்படைக்கு ஆறு, அதற்கு மேல் ஆறு, மொத்தம் 12 அசைவுகள். மச்சாள் வேப்பமரத்தடியில் செய்தது அதைத்தான்.

மூன்று கிழமையில் மச்சாள் விமானம் ஏறிவிட்டார். எனக்குள் ஆறு அசைவு அரைகுறையாகக் கிடந்தது. பங்குனியில் கொரோனா ஊரடங்கு. பள்ளிக்கூடம் இல்லை, வெளியே போக வழி இல்லை. கையில் போன் இருந்தது. இங்கேதான் நான் விட்ட பிழை.

யூரியூப்பில் தாய் சி என்று தேடினால் ஆயிரம் வரும். காலையில் ஒருவர், பின்னேரம் இன்னொருவர். ஒருவர் அகல நிற்கச் சொன்னார், ஒருவர் ஒடுக்கமாக. எல்லாவற்றையும் சேர்த்து, மூன்று வீட்டுக் குழம்பை ஒரு சட்டியில் ஊற்றிய மாதிரி ஏதோ ஒன்று செய்துகொண்டிருந்தேன். யாங் பாணியில் பாம்பு தவழ்வது என்று ஓர் அசைவு இருக்கிறது. ஒரு காலை நீட்டி மற்றக் காலில் நிலத்தோடு நிலமாகக் குந்திப் போய் எழும்ப வேண்டும். வீடியோவில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இறங்கி எழுந்தாள். எனக்கு ஆசை. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினேன். எழும்பும்போது முழங்காலுக்குள் ஏதோ கிளிக் என்றது. இரவு அது பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூன்று கிழமை ஊன்றுகோல். “ஊரடங்குக்கை ஆரும் வீட்டுக்குள்ள காலை முறிச்சவையோ?” என்று இவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் இப்போது யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். பாணியைப் பேருக்காகவோ வடிவுக்காகவோ எடுக்காதீர்கள், உங்கள் உடம்புக்காக எடுங்கள். எடுத்த பிறகு வேறு வீடியோவைப் பார்க்காதீர்கள், குறைந்தது ஒரு வருடத்துக்கு. நீங்கள் பார்ப்பது சுன்தானா என்று பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. ஒரு கால் முன்னே போனால் மற்றக் கால் தொடர்ந்து பக்கத்தில் வருகிறதா? திருப்பங்களில் நெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி விரிந்து சேர்கின்றனவா? ஒற்றைச் சவுக்கு என்கிற அசைவில் யாங்காரர் ஒரு கையின் விரல்களைக் கொக்குச் சொண்டு மாதிரிக் கூட்டிப் பிடிப்பார்கள். சுன்னில் அது இல்லை, இரண்டு உள்ளங்கையும் விரிந்து வெளியே பார்க்கும். நான் ஆறு மாதம் சொண்டு பிடித்துக்கொண்டு சுன் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

வீக்கம் வற்றுவதற்கிடையில் மச்சாளின் வகுப்பு கொரோனாவால் இணையத்துக்குப் போயிருந்தது. “எங்கட ரீச்சரிட்டைக் கேட்டனான். நீர் சேரலாமாம்.” சனிக்கிழமை சிட்னி நேரம் பத்தரைக்கு வகுப்பு, இங்கே காலை 6 மணி. ஐப்பசி பிறக்க முதல் அவர்கள் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவார்கள், இங்கே 5 மணியாகிவிடும். முதல் வருடம் அது தெரியாமல் ஆறு மணிக்குப் போனைத் திறந்தால், எல்லோரும் கை காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரீச்சர் எழுபது தாண்டிய சீனப் பெண்மணி. என் ஆங்கிலம் அவருக்கும் அவருடைய ஆங்கிலம் எனக்கும் பாதிதான் விளங்கும், மிச்சத்துக்கு மச்சாள். முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, கை அசைவு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இரண்டு மாதம் கால் மட்டும்.

அந்தக் காலடியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுன் பாணியே அதற்குள்தான் இருக்கிறது. இடது காலை ஒரு சின்ன அடி முன்னே வைக்கிறீர்கள். குதி முதலில் படும், பாரம் இன்னும் இல்லை. மெல்லப் பாதம் படிகிறது, பாரம் முன்னே போகிறது. பாரம் முழுக்கப் போன பிறகு, பின்னால் நின்ற வலது கால் தானாக வந்து முன்காலின் குதிக்குக் கிட்ட விரல் நுனியால் தொட்டு நிற்கிறது. பின்னே போவதென்றால் மறுவளம், விரல் நுனி முதலில் படும், பாரம் பின்னே போக முன்கால் இழைந்து பின்வரும். இரண்டு கால்களும் ஒருபோதும் அகலப் பிரிந்து நடுவில் உடம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. முழங்காலுக்கு இளைப்பாறக் கிடைப்பது அதனால்தான். பார்க்கச் சுலபம், ஆனால் சமநிலைக்குச் சோதனை. ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள்.

எனக்கு வரவில்லை. பின்னால் வரும் கால் வரும்போதெல்லாம் மணலில் கோடு விழுந்தது. வீடியோ எடுத்து அனுப்பினால் ரீச்சர், “பாரம், பாரம்” என்று மட்டும் பதில் அனுப்புவார்.

அதை அவிழ்த்துவிட்டது எங்கள் பெரியப்பா. வயது அப்போது எழுபத்தொன்பது. இளந்தாரியாக முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடியவர், பிறகு பொடியளுக்கு ஆட்டம் பழக்கியவர். காலையில் பேப்பர் வாங்க வருகிறவர் படலையில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். ஒரு கிழமை ஒன்றும் பேசவில்லை. எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்தார்.

“பிள்ளை, பாரம் இன்னும் முன்காலுக்குப் போகேல்லை. அதுக்குள்ள பின்காலைக் கூப்பிடுறாய். அது எப்பிடி வரும்?”

“போட்டுது பெரியப்பா.”

“போகேல்லை. பாதி அங்க, பாதி இங்க. முன்காலில ஏறி நில். பின்கால் லேசாகிற வரைக்கும் நில். லேசானாப் பிறகு கூப்பிடு.”

கைத்தடியால் படலைக் கம்பில் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டுக்குக் குதி, இரண்டாம் தட்டுக்குப் பாதம், மூன்றாம் தட்டுக்குப் பாரம், நாலாவதுக்குத்தான் பின்கால். பத்து நிமிடம். அன்று மணலில் கோடு பாதியாகக் குறைந்தது. ரீச்சர் காலியும் நிறைவும் என்று சீனத்துத் தத்துவமாகச் சொல்லி, மச்சாள் ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, எனக்கு ஏறாத விஷயம். பெரியப்பா தாய் சி என்ற சொல்லையே அன்றுதான் கேட்டார். ஒரு குறை மட்டும் அவருக்கு. “இவ்வளவு மெதுவாப் போனால் விடியுமட்டும் ஆடினாலும் கோவலன் மதுரைக்குப் போய்ச் சேரமாட்டான்.”

பக்கத்தில் தாய் சி ஆசிரியர் இல்லையே என்று இருக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கலாம். கூத்தோ சிலம்பமோ பரதமோ, காலைக் கொண்டு பிழைத்த ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவருக்கு அசைவின் பெயர் தெரியாது, ஆனால் பாரம் எங்கே நிற்கிறது என்று தெரியும். வீடியோவால் அதைப் பார்க்க முடியாது.

மணலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது நல்ல கண்ணாடி, ஆனால் திரும்புவதற்குக் கூடாத இடம். பாதம் மணலில் புதைந்து பிடிபட்டிருக்க, மேலே உடம்பு திரும்பினால் முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் வாங்கும். இதை வலியால்தான் படித்தேன். இப்போது நேர் நடையை மட்டும் மணலில் பழகுகிறேன், திருப்பங்களை விறாந்தைச் சீமெந்தில். திரும்ப முதல் அந்தக் காலில் இருந்து பாரத்தை எடுத்துவிட்டு, பாதத்தைத் திருப்பிவிட்டு, பிறகு பாரத்தைக் கொடுப்பது. முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கிற பக்கத்தையே பார்க்க வேண்டும், உள்ளே சரியக்கூடாது. இந்த ஒன்றைக் கவனித்தால் பாதி நோவு வராது.

கை விரித்துச் சேர்ப்பதைப் பற்றியும் கொஞ்சம். உள்ளங்கைகள் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றையொன்று பார்த்தபடி தோளகலம் வரை விரியும், பிறகு முகத்தின் அகலத்துக்குச் சேரும். விரியும்போது மூச்சு உள்ளே, சேரும்போது வெளியே. நான் முதலில் மூச்சைப் பிடித்து நீட்டி நீட்டிச் செய்து தலைசுற்றி விறாந்தைக் குந்தில் இருந்தேன். மூச்சுக்கு ஏற்றபடி கை போகட்டும், கைக்கு ஏற்றபடி மூச்சை இழுக்காதே என்று ரீச்சர் சொன்ன பிறகு சரியானது. வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடும்போது மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மூன்று தரம் விரித்துச் சேர்ப்பேன். அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன், “ரீச்சருக்குக் கோபம் வந்திட்டுது, பலூன் ஊதுறா” என்றான்.

இணையத்தில் பழகுவதில் சில வேலை நுணுக்கங்கள். போனை எதிரே வைக்காமல் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். எதிரே இருந்தால் வடிவாகத் தெரியும், பிழை தெரியாது. சேலையை விட்டுவிட்டு நான் இவரின் பழைய காற்சட்டைக்கு மாறியதும் இதற்காகத்தான், முழங்கால் தெரியாவிட்டால் ரீச்சர் எதைப் பார்ப்பார்? முழு ஆட்டத்தையும் அனுப்பாமல் அரை நிமிடத் துண்டு ஒன்றை அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். டேட்டாவும் மிச்சம், ரீச்சரின் பொறுமையும் மிச்சம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாள்களில் சிக்னலும் சேர்ந்து போய்விடும். அப்போதுதான் ஒரு கொப்பியில் ஒவ்வொரு அசைவையும் என் சொல்லிலேயே எழுதினேன். குரங்கை விரட்டிப் பின்னே போவது என்று ஓர் அசைவு உண்டு. எங்கள் மாமரத்துக்கு வருகிற குரங்குகளை முன்னே போய்த்தான் விரட்ட வேண்டும், பின்னே போனால் சட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கொப்பி வீடியோக்களைவிட உதவியது.

நேரம் என்றால் விடிய ஆறரைக்கு முதல். சோளகம் வீசுகிற மாதங்களில் ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். மழைக்காலத்தில் விறாந்தையில் நாலு அடிதான் இடம். சுன்னில் அடிகள் சின்னன், அங்கேயும் சமாளிக்கலாம்.

2023 தையில் சனசமூக நிலைய மண்டபத்தில் ஊர்ப் பெண்களுக்கு அந்த 12 அசைவுகளைக் காட்டத் தொடங்கினேன். படிப்பிக்கிற தகுதி எனக்கு இல்லை, சேர்ந்து பழகுவோம் என்றுதான் சொன்னேன். முதல் நாள் 11 பேர். மூன்றாம் மாதம் நாலு பேர். மனம் விட்டுப்போனது. பிறகு மச்சாள் ஒரு தகவல் சொன்னார். 2003இல் வெளிவந்த கொரிய ஆய்வு ஒன்றில், மூட்டுத் தேய்வுள்ள மூத்த பெண்கள் 72 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இதே சுன் பாணியை 12 கிழமை பழக்கினார்கள். கடைசி வரை நின்றவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்து 43 பேர்தான். நின்றவர்களுக்கு நோவு குறைந்தது, சமநிலை கூடியது. பொஸ்டனில் 204 பேரை வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வோ, முழங்கால் தேய்வுக்குத் தாய் சி வழமையான இயன்மருத்துவப் பயிற்சிக்குச் சமமாக உதவியது என்கிறது. ஆனால் அங்கே பழக்கியது யாங் பாணி. ஆகவே சுன்தான் மருந்து என்று சொல்ல நான் வரமாட்டேன். என் முழங்காலுக்கு அது பொருந்தியது, விட்டுவிடாமல் செய்ய மனமும் வந்தது.

அந்த நாலு பேரில் ஒருத்தி என்னைவிடப் பத்து வயது இளையவள். இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். முதல் நாள் அவள் கதிரையில் இருந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். எழும்பி வந்து நின்றாள். காலடியைக் காட்டிக்கொண்டிருந்தேன், முதலில் வை, நிலத்தைப் பார், பிறகு பாரத்தைக் கொடு என்று.

“அக்கா, உங்களுக்கு இப்பதான் இது பாடம். நான் கிணத்தடிக்குப் போறதே இப்பிடித்தானே.”

உண்மையிலேயே அன்று மண்டபத்தில் அந்த அடி ஒழுங்காக வந்தது அவளுக்குத்தான். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பொய்க்காலின் கணுக்கால் மடியாது. அதனால் அந்தக் கால் பின்னால் வரும்போது விரல் நுனியால் தொட்டு நிற்க முடியாது. ரீச்சரிடம் கேட்டோம். முழுப் பாதமாக வைத்துக்கொள்ளட்டும், பாரம் மட்டும் போகவேண்டாம் என்றார். அதுவும் சரிவரவில்லை, பாதம் முழுக்கப் பட்டால் அவளை அறியாமல் பாரம் போய்விடும். இரண்டு கிழமை தானே யோசித்து, அந்தக் காலைக் கிட்டக் கொண்டுவராமல் அரை அடி பின்னால் நிறுத்திக் கொண்டாள். அந்தத் துண்டு வீடியோவை அனுப்பினோம். ரீச்சர் மூன்று தரம் பார்த்துவிட்டு அனுப்பிய பதில்: “இவவை ஒண்டும் மாத்தச் சொல்லவேண்டாம்.”

இன்னொன்றும் அவளிடம் படித்தேன். நோவு ஒரே மாதிரி இல்லை. தசை இழுபட்டுப் பிடிக்கிற நோவு என்றால் மறுநாள் குறைவாகச் செய்யலாம். பொருத்துக்குள் குத்துகிற நோவு, வீக்கம், சூடு என்றால் அன்றே நிறுத்த வேண்டும். பொய்க்கால் படுகிற இடத்தில் தோல் சிவந்தால் அவள் அன்றைக்கு வரமாட்டாள், கேட்டால் “இண்டைக்கு லீவு” என்பாள். அவ்வளவுதான், கவலையும் இல்லை, வீரமும் இல்லை. பாம்பு தவழப் போன எனக்கு அந்தப் புத்தி 2020இல் இருந்திருந்தால் மூன்று கிழமை ஊன்றுகோல் மிச்சம்.

2023 வைகாசியில் வற்றாப்பளைக்கு நடந்து போனேன். வழி முழுக்க இல்லை, கடைசிப் பாதி. போகும்போது சனத்துக்குள் காலை எடுத்து வைக்க இடமில்லாத நேரங்களில், என்னை அறியாமலேயே குதியை வைத்துப் பார்த்துப் பாரத்தைக் கொடுப்பதைக் கவனித்தேன். கோயில் மணலில் நள்ளிரவு தாண்டி நின்றேன். வீட்டுக்கு வந்து தைலம் பூசினேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடல் தண்ணீரில் எரிகிற அம்மன் விளக்கை ஐந்து வருடத்துக்குப் பிறகு நின்ற காலிலேயே பார்த்தேன்.

12 அசைவுகளுக்குப் பிறகு ரீச்சர் எங்களை 73 அசைவுள்ள வடிவத்துக்குக் கூட்டிப் போகிறார். பாரம்பரிய நீண்ட வடிவம் 97 என்கிறார்கள், எனக்கு அவசரம் இல்லை. மச்சாளோடு சேர்ந்து தொடங்கியவர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள், நான் மேகக் கையில் நிற்கிறேன். பக்கவாட்டில் நகர்ந்தபடி இரண்டு கைகளும் மாறி மாறி வட்டம் போடுவது அது. வகுப்புக் காசை ரீச்சர் வாங்குவதில்லை. ஆராவது சிட்னிக்குப் போனால் புழுக்கொடியலும் பனங்கட்டியும் அனுப்புவேன். புழுக்கொடியல் அவருக்குப் பல்லுக்குக் கடினமாம், பனங்கட்டியைத் தேநீரோடு கடிக்கிறாராம்.

போன சனிக்கிழமை மேகக் கைக்கு வீடியோ எடுக்கவில்லை. பழகி முடித்த பிறகு மணலை மட்டும் மேலே இருந்து படம் பிடித்து அனுப்பினேன். தடங்கள் பக்கவாட்டில் சோடி சோடியாக, நடுவே கோடு எதுவும் இல்லாமல், எனக்கே வடிவாக இருந்தது. பெரியப்பா படலையில் நின்று, “பறவாயில்லை” என்றார். அவரிடம் இருந்து அந்தச் சொல் வருவது பெரிய விஷயம்.

அரை மணித்தியாலத்தில் ரீச்சரின் பதில் வந்தது. நான் அனுப்பிய படத்திலேயே மூன்றாவது சோடியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். இடது பாதத்தின் உள்விளிம்பு ஆழமாக, வெளிவிளிம்பு பதியாமல். முழங்கால் உள்ளே சரிந்திருக்கிறது.

பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“கிழவி விட்டுவைக்கிறாள் இல்லை” என்றார். “கூட்டு, திரும்பப் பாப்பம்.”

விளக்குமாற்றை எடுத்தேன்.